கடலோரக் கேள்வி–பதில்: சட்டைப் பட்டன் அளவில் ஒரு நத்தை

இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் குட்டிக் கடல் நத்தைகள்தான். கோடை விடுமுறையில் எல்லோரும் கடற்கரைப் பக்கம் போய் வந்திருக்கிறீர்கள் போலும். ஆமை, ஜெல்லிமீன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நத்தைக்காரர்களை முதலில் அனுப்பிவைக்கிறேன்.

வாசகி, திருச்சி: குடும்பத்தோடு ராமேசுவரம் போயிருந்தோம். தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் என் மகனும் என் அண்ணன் மகளும் ஈர மணலில் சின்னச் சின்ன ஓடுகளைப் பொறுக்கினார்கள். எல்லாமே சட்டைப் பட்டன் அளவு. ரோஜா நிறம், சாம்பல், சந்தனம், பழுப்பில் கோணல்மாணலாகக் கோடு, ஒன்றிரண்டு முழு வெள்ளி. ஆறு இனம் இருக்கிறது என்கிறான் மகன். எல்லாம் ஒன்றுதான் என்கிறாள் அவள். போனில் படம் எடுத்துச் செயலியில் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் வருகிறது. ஓடுகளையே அனுப்பியிருக்கிறேன். தீர்ப்புச் சொல்லுங்கள், வீட்டில் சண்டை ஓயவில்லை.

பதில்: மாத்திரை டப்பாவும் பஞ்சும் பத்திரமாக வந்து சேர்ந்தன, அம்மா. உங்கள் அண்ணன் மகள் பக்கம்தான் நான். ஆனாலும் பையன் முழுதாகத் தோற்றுவிடவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டே இரண்டு ஓடுகளைத் தவிர நீங்கள் அனுப்பியது எல்லாம் ஒரே இனம். பெயர் அம்போனியம் வெஸ்டியேரியம். ட்ரோக்கிடே என்கிற பம்பர நத்தைக் குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1758லேயே பெயர் வைத்துவிட்ட பழைய ஆசாமி. ஆங்கிலத்தில் பட்டன் டாப் என்று எழுதியிருப்பார்கள். நன்றாக வளர்ந்ததும் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கத்து மணல் கரைகளில் கூட்டம் கூட்டமாக வாழும். ராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் சிப்பிக் கடைகளில் பொம்மைக்குக் கண்ணாகவும், பூ இதழாகவும், மாலையில் மணியாகவும் ஒட்டிக் கோத்து வைத்திருப்பது பெரும்பாலும் இதைத்தான். நீங்களே ஒன்றிரண்டு வாங்கி வந்திருப்பீர்கள், ஷோகேஸில் தேடிப்பாருங்கள்.

எப்படிச் சொல்கிறேன் என்று குழந்தைகள் கேட்பார்கள். தூத்துக்குடியில் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தபோது முதல் வகுப்பில் நான் ஓட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் கொடுப்பேன். மேல்பக்கத்தைப் பார்க்கவே விடமாட்டேன். பையன்கள் முணுமுணுப்பார்கள், அழகெல்லாம் மேல்பக்கம்தானே இருக்கிறது. ஆனால் நத்தையின் அடையாளம் அடியில் இருக்கிறது.

கவிழ்த்துப் பாருங்கள். நத்தை ஓடு ஒரு அச்சைச் சுற்றிச் சுருண்டு வளர்வதால் அடியில் நடுவே ஒரு குழி விழும். தொப்புள் என்றே சொல்வோம். சில இனங்களில் அது திறந்த பள்ளமாக இருக்கும், சிலவற்றில் ஊசி நுழையும் கீறலாக, சிலவற்றில் தெரியவே தெரியாது. உங்கள் ஓடுகளில் அந்த இடத்தை வழுவழுப்பான, தடித்த ஒரு திட்டு முழுதாக மூடியிருக்கிறது. சுற்றியுள்ள இடத்தின் நிறம் ஒன்று, திட்டின் நிறம் ஒன்று. லேசாகப் புடைத்துக்கொண்டு, அடிப்பாகத்தின் நடுவில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு பெரிய திட்டும் இவ்வளவு தட்டையான ஓடும் சேர்ந்து வந்தால், நம் கரையில் முதலில் நினைக்க வேண்டியது அம்போனியத்தைத்தான். அந்தத் திட்டு பாதிதான் மூடியிருக்கிறது, ஓரத்தில் குழி எட்டிப்பார்க்கிறது என்றால் எத்தேலியா என்ற உறவுக்கார இனங்களின் பக்கம் தேட வேண்டும். உங்கள் டப்பாவில் அப்படி ஒன்றும் இல்லை.

அடுத்தது நகம். விரல் நகத்தை ஓட்டின் மேல் உச்சியிலிருந்து விளிம்பு வரை இழுத்துப் பாருங்கள், எங்கும் தட்டாது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே உள்ள கோடுகூட நகத்துக்குத் தெரியாது, கண்ணுக்கு மட்டும் தெரியும். பம்பர நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு வரிவரியாக மணி கோத்த மாதிரி முண்டுகள் இருக்கும், நகம் கரகரவென்று இழுபடும். மணலுக்குள் புதைந்து புதைந்து எழும் பிராணிக்கு வழவழ ஓடு வசதி.

பிறகு டார்ச். போன் வெளிச்சத்தை ஓட்டின் வாய்க்குள், அதாவது நத்தை வெளியே வரும் திறப்புக்குள் அடியுங்கள். உள்ளே பச்சையும் ரோஜாவும் கலந்து மினுங்குகிறதா? முத்துச்சிப்பியின் உட்புறத்தில் இருக்கும் அதே பொருள்தான், அதே மினுக்கம்தான். சின்ன நத்தை ஓடுகளைப் பிரிக்க இதைவிடச் சுலபமான கேள்வி எனக்குத் தெரியாது. மினுங்கினால் பம்பர நத்தை அல்லது அதன் நெருங்கிய சொந்தங்கள். வெறும் வெள்ளை, பீங்கான் மாதிரி இருந்தால் வேறு வீட்டுப் பிள்ளை.

இப்போது அந்த வெள்ளி ஓடுகளுக்கு வருகிறேன். மகன் அவற்றைத் தனி இனமாக எண்ணியிருப்பான். அவையும் அம்போனியம்தான். நத்தை செத்த பிறகு ஓடு அலையில் உருண்டு உருண்டு மேல் தோல் தேய்கிறது. நிறமெல்லாம் அந்த மெல்லிய வெளி அடுக்கில்தான் இருக்கிறது. அது போனதும் கீழே இருக்கும் முத்து அடுக்கு வெளியே தெரிகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு வெள்ளி ஓட்டின் விளிம்பில் இன்னும் கொஞ்சம் பழுப்புக் கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், மகனிடம் காட்டுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். இந்த இனத்தில் நிறத்துக்கு ஒழுங்கே கிடையாது. ஒரே கரையில் ஒரே கையளவு மணலில் ரோஜாவும் சாம்பலும் புள்ளிபோட்டதும் மின்னல் கோடு போட்டதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். நிறத்தை வைத்து இனம் பிரிக்கப் போனால் ஆறு என்ன, அறுபதும் கிடைக்கும்.

சரி, மீதி இரண்டு. இங்கேதான் பையனுக்கு மதிப்பெண். ஒன்றில் பழுப்பு மின்னல் கோடு அச்சு அசல் அம்போனியம் போலவே இருக்கிறது. நானும் மேலிருந்து மட்டும் பார்த்திருந்தால் கூட்டத்தோடு சேர்த்திருப்பேன். கவிழ்த்தால் கதை வேறு. வாய் அரைவட்டம். அரைவட்டத்தின் நேர்கோட்டுப் பக்கம் ஒரு தட்டையான மேடை. டார்ச் அடித்தால் மினுக்கம் துளியும் இல்லை. இது நெரிட்டிடே குடும்பத்தைச் சேர்ந்த ‘கிளிதான்’ (Clithon) என்ற வகை நத்தை, கழிமுகம், சேறு, கடற்புல் இருக்கிற இடங்களில் வளர்வது. இதுவும் நிறத்தில் ஒழுங்கு இல்லாத கூட்டம்தான். ஹான்ஸ் குரூனெபெர்க் என்ற மரபியல் அறிஞர் 1970களில் இந்தக் கிளிதான் நத்தைகளின் கோலங்களைத்தான் உட்கார்ந்து ஆராய்ந்தார். குடும்பமே வேறான இரண்டு நத்தைகள், கோலம் மட்டும் ஒன்று!

மற்றொன்று வெள்ளையில் சிவப்புப் பட்டை இறங்கும் குட்டிக் கூம்பு. நகம் இழுத்தால் கரகரக்கிறது, மணிமணியாக வரிகள். உள்ளே மினுக்கம் இருக்கிறது. இது ட்ரோக்கஸ் ரேடியேட்டஸ், இன்னும் வளராத குட்டி. பாறையிலும் பவளக் கல்லிலும் பாசியைச் சுரண்டித் தின்னும் இனம், மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம். அலைதான் இதை மணலுக்குக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். ஆக டப்பாவில் மொத்தம் மூன்று இனம். ஆறும் இல்லை, ஒன்றும் இல்லை.

செயலியைத் திட்டாதீர்கள். நீங்கள் எடுத்த படங்களைப் பார்த்தேன், எல்லாமே மேலிருந்து எடுத்தவை. அடையாளத்தைக் கீழே மறைத்துவைத்துவிட்டுப் பெயர் கேட்டால் அது மட்டும் என்ன செய்யும்?

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: கடற்கரையில் பொறுக்கிய பட்டன் நத்தை ஓடுகள் பலவற்றில் அழகான வட்டத் துளை இருக்கிறது. மாலை கோக்கத் துளைபோட்டு, பிறகு யாரோ கொட்டிவிட்டுப் போனவையா?

பதில்: கொட்டிவிட்டுப் போக யாருக்கு மனசு வரும், தம்பி? இது கொலைத் தடயம். கொன்றது இன்னொரு நத்தை.

நிலா நத்தை என்று ஒரு கூட்டம் உண்டு, நாட்டிசிடே குடும்பம். உருண்டையான, பளபளப்பான ஓடு. மணலுக்கு அடியிலேயே ஊர்ந்து வந்து இரையைத் தன் பெரிய பாதத்தால் சுருட்டிப் பிடிக்கும். பிறகு அவசரமே இல்லை. அமிலம் கலந்த சுரப்பால் ஓட்டை இளக்கும், நாக்கில் இருக்கும் பற்களால் சுரண்டும், மறுபடி இளக்கும், மறுபடி சுரண்டும். மணிக்கணக்கில் நடக்கும் வேலை. துளை விழுந்ததும் உறிஞ்சியை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிடும்.

மனிதன் போட்ட துளையா, நத்தை போட்டதா என்று லென்ஸில் பத்து வினாடியில் தெரிந்துவிடும். நிலா நத்தையின் துளை வெளிப்பக்கம் அகலம், உள்ளே போகப் போகக் குறுகும், விளிம்பு சரிவாகச் செதுக்கியது போல இருக்கும். துளைப்பான் போட்ட துளையில் மேலும் கீழும் ஒரே அகலம், உள்பக்கம் பெரும்பாலும் சில்லு தெறித்திருக்கும். நீ அனுப்பிய படங்களில் சரிவு தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். துளை முடியவில்லை, பாதியில் நின்றிருக்கிறது, குழியின் நடுவில் ஒரு குட்டி மேடு. அது நிலா நத்தையின் கையெழுத்து. ஏன் பாதியில் விட்டது என்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம், அலை புரட்டிப்போட்டிருக்கும், நண்டு வந்திருக்கும்.

உங்கள் கரையில் நிலா நத்தை நிறைய இருக்கிறதா என்று தெரிய நத்தையைத் தேட வேண்டாம். மணலால் செய்த, ஒரு பக்கம் திறந்த சட்டைக் காலர் ஒன்று கரையில் கிடந்தால் கவனி. ரப்பர் குப்பை என்று பலர் எட்டி உதைத்துவிட்டுப் போவார்கள். அது நிலா நத்தையின் முட்டைப் பட்டை. மணலைச் சளியால் ஒட்டி அதற்குள் முட்டைகளை வைத்திருக்கும். கண்டால் அப்படியே விட்டுவிடு.

வாசகர், காரைக்கால்: என்னிடம் இருப்பதும் தட்டையான நத்தைதான், ஆனால் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடியில் பெரிய குழி, அதன் சுவரில் படிப்படியாக உள்ளே இறங்குகிறது. இது பெரிய பட்டன் நத்தையா?

பதில்: இல்லை. குழி அவ்வளவு அகலமாகத் திறந்திருக்கும்போதே பட்டன் நத்தை வெளியே போய்விட்டது. உங்களுடையது ஆர்க்கிடெக்டோனிகா பெர்ஸ்பெக்டிவா, சூரிய கடிகார நத்தை. டார்ச் அடித்துப் பாருங்கள், மினுக்கம் இருக்காது. பம்பர நத்தைகளுக்கும் இதற்கும் சொந்தம் மிகத் தூரம். தட்டையாக இருப்பது ஒன்றுதான் பொருத்தம். லார்வாவாக இருக்கும்போது இதன் ஓடு எதிர்த் திசையில் சுருண்டு, பிறகு திசை மாறும். நல்ல லென்ஸும் தேயாத ஓடும் இருந்தால் அந்த ஆரம்பச் சுருளைத் தேடிப்பாருங்கள். இந்தக் குடும்பத்துக்கு உணவு பவளம், கடல் சாமந்தி வகையறா.

பள்ளி மாணவி, சென்னை: பட்டன் நத்தையை உயிரோடு பார்த்தேன். மணலுக்குள் போய்விட்டது. அதை வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா? பாசி போட்டால் தின்னுமா?

பதில்: தின்னாது, பாப்பா. இந்த ஒரு விஷயத்தில் அது தன் குடும்ப வழக்கத்தையே விட்டுவிட்டது. பம்பர நத்தைகளில் பெரும்பாலானவை பாறையில் ஊர்ந்து, பல் வரிசை உள்ள நாக்கால் பாசியைச் சுரண்டித் தின்பவை. பட்டன் நத்தை அப்படி அலைவதில்லை. மணலுக்குச் சற்றே கீழே புதைந்து உட்கார்ந்துகொண்டு, கழுத்துப் பக்கத்து மடல்களைச் சுருட்டிக் குழாயாக்கித் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய உணவுத் துகள்களை செவுளில் பிடித்து, சளியில் சேர்த்து வாய்க்குக் கொண்டுபோகிறது. மட்டி, சிப்பி வகைகள் சாப்பிடும் முறை இது. நத்தைகளில் அபூர்வம்.

அதனால் அதற்கு வேண்டியது அலை அடித்து ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிற தண்ணீர். உன் தொட்டித் தண்ணீரில் இருக்கும் துகள்களை அது சீக்கிரமே வடிகட்டித் தீர்த்துவிடும், அப்புறம் பட்டினிதான். கரையிலேயே பார். தண்ணீர் வற்றும்போது ஈர மணலில் பட்டாணி அளவுக்குச் சின்ன மேடுகளும், அவற்றின் பின்னால் கோடுகளும் தெரிந்தால் குனிந்து விரலால் மெல்லக் கிளறு. பார்த்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடு. ஒன்று கவனம்: வெறும் ஓடு என்று எடுத்தால் உள்ளே குட்டித் துறவி நண்டு குடியிருக்கும். எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இரு, அதுவே கால் நீட்டிக் காட்டிவிடும்.

உயிருள்ள நத்தையில் இன்னொரு அடையாளமும் பார்க்கலாம், கதவு. நத்தை உள்ளே இழுத்துக்கொண்டதும் வாயை அடைக்கும் மூடி. பம்பர நத்தைகளில் அது மெல்லிய, பழுப்பு நிற, வட்டமான தகடு, நெருக்கமாகச் சுருள் கோடுகள் ஓடும். கல் மாதிரி தடித்த மூடி என்றால் டர்பன் நத்தைகள். அரைவட்டச் சுண்ணாம்பு மூடி என்றால் நெரிட்டிடே. முன்பு திருச்சி அம்மாவுக்குச் சொன்ன கிளிதான் அந்த வகை.

வாசகர், மதுரை: அந்தமானில் பெரிய பம்பர நத்தை ஓடு பார்த்தேன், உள்ளங்கை அளவு. விற்கிறவர் சும்மா எடுத்துப் போங்கள் என்றார். பயந்து வாங்காமல் வந்துவிட்டேன். வாங்கியிருக்கலாமா?

பதில்: வாங்காமல் வந்ததே நல்லது. நீங்கள் பார்த்தது பழைய பெயரில் ட்ரோக்கஸ் நிலோட்டிகஸ், இப்போது ரோக்கியா நிலோட்டிகா. அடிப்பாகம் பதினைந்து சென்டிமீட்டர் வரை போகும். பிளாஸ்டிக் வருவதற்கு முன் சட்டைகளில் இருந்த முத்துப் பட்டன்களில் நிறைய இந்த ஓட்டை வெட்டி எடுத்தவைதான். அதற்காகவே அளவுக்கு மீறிப் பிடித்து, பல இடங்களில் எண்ணிக்கை சரிந்துபோனது. 2001இல் நம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் மெல்லுடலிகளைச் சேர்த்தபோது இதையும் சேர்த்தார்கள். உரிமமும் ரசீதும் இல்லாமல் பையில் வைத்திருந்தால் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியது விற்றவர் அல்ல, நீங்கள்.

சின்னப் பட்டன் நத்தை அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பொறுக்கலாம் என்று அர்த்தமில்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே செத்த ஓடாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். பொதுக் கடற்கரையில் குழந்தைகள் ஒரு பிடி வெற்று ஓடு எடுப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மூட்டை கட்டி எடுக்கிறவர்களைப் பற்றி இருக்கிறது. அதை இந்தப் பக்கத்தில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஆசிரியை, தரங்கம்பாடி: எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு நத்தை இருப்பதாகப் பிள்ளைகளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை, டீச்சர். அதுவும் பம்பர நத்தைகளின் பங்காளி. காலியோஸ்டோமா ட்ராங்குபாரிக்கம். டேனிஷ்காரர்கள் 1620இலிருந்து 1845 வரை உங்கள் ஊரில் இருந்தார்களே, அவர்கள் வாயில் தரங்கம்பாடி ட்ராங்குபார் ஆனது. அவர்களோடு வந்த பாதிரியார்கள் சிலருக்குப் பிரசங்கம் போக மிச்ச நேரமெல்லாம் மீன், சிப்பி சேகரிப்பதில்தான் போனது. கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவர் இங்கிருந்து மீன்களையும் சிப்பிகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று இருக்கிறதே, அது அவர் பெயர்தான். 1793இல் பிளாக் என்ற மீன் ஆய்வாளர் வைத்தது.

உங்கள் நத்தைக்குப் பெயர் கிடைத்தது 1798இல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில். போல்டன் என்ற மருத்துவரின் சிப்பிச் சேகரிப்பை அவர் இறந்த பிறகு ஏலம் போட ஒரு பட்டியல் தேவைப்பட்டது. ரோடிங் என்பவர் அதை எழுதினார். ஏலப் பட்டியல்தான், ஆனால் அதில் முதன்முதலாக அச்சான பெயர்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடி அதில் ஒன்று. பிள்ளைகளுக்குப் போனஸாக இன்னொன்று: கேந்தாரஸ் ட்ராங்குபாரிக்கஸ் என்று வேறொரு குடும்பத்து நத்தைக்கும் உங்கள் ஊர்ப் பெயர்தான். கமெலின் என்ற இயற்கையியல் அறிஞர் 1791இல் வைத்தது.

காலியோஸ்டோமா வகையை எப்படி அறிவது? பக்கவாட்டில் பார்த்தால் சுத்தமான கூம்பு, பக்கங்கள் நேராக இறங்கும், உச்சி கூர்மை. மேலே நூல் நூலாகச் சுற்றுக் கோடுகள். வாய்க்குள் முத்து மினுக்கம். இப்போது இவற்றைத் தனிக் குடும்பமாகவே பிரித்துவிட்டார்கள், காலியோஸ்டோமாட்டிடே என்று. பாசி மேய்வதோடு நிற்காமல் பஞ்சுயிரி, செடி மாதிரி ஒட்டி வளரும் ஹைட்ராய்டு போன்ற பிராணிகளையும் தின்னும் இனங்கள் இதில் அதிகம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைப் பக்கத்துக் கரையில் மட்டும் தேடாதீர்கள், மீனவர்கள் வலை உதறும் இடத்தில் கழிவு ஒதுக்கியிருப்பார்களே, அதைக் கிளறச் சொல்லுங்கள். மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், பரவாயில்லை.

குரோம்பேட்டை வாசகர்: ஓடுகளை வினிகரில் ஊறவைத்தால் பளபளப்பாகும் என்று காணொளியில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: செய்தால் பளபளக்கும், ஆனால் நத்தை அடையாளம் தெரியாமல் போகும். வினிகர் ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கிறது. நிறமுள்ள மேல் அடுக்கு போய் முத்து அடுக்கு வெளியே வரும், அதைத்தான் அவர்கள் பளபளப்பு என்கிறார்கள். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். அவ்வளவுதான். பழைய ஓடு மங்கலாகத் தெரிந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் சீட்டு. எந்த ஊர்க் கரை, என்ன தேதி, மணலா பாறையா, உயிரோடு இருந்ததா செத்த ஓடா. நான்கு வரி பென்சிலில் எழுதி ஓட்டோடு போடுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். சீட்டு இல்லாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சேகரிப்பு வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் உங்களுக்கு ரயிலில் கொஞ்ச தூரம்தான். மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் நத்தைகள் பற்றி அங்கிருந்த எஸ்.டி. சத்தியமூர்த்தி எழுதி 1952இல் அருங்காட்சியகமே வெளியிட்ட நூல் இன்றும் எனக்கு முதல் துணை. பட்டன் நத்தையும் அதில் இருக்கிறது.

படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று படம் போதும்: உச்சி மேலே தெரிய ஒன்று, கவிழ்த்து ஒன்று, வாய் நம்மைப் பார்க்க ஒன்று. அளவுக்காகப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். ஒரு ரூபாய் என்று கையில் புழங்குவதே இரண்டு மூன்று அளவில் இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேல் வையுங்கள், மில்லிமீட்டர் கோடு தெரியும்படி.